பதினேழாம் நபர் சொன்னது

இந்த வாக்குமூலத்தை நான் பத்தொன்பது வருஷமாகச் சந்தேகித்து வருகிறேன். சந்தேகித்துக்கொண்டே அதை வகுப்பில் நடத்தியிருக்கிறேன், கருத்தரங்குகளில் வாசித்திருக்கிறேன், அதைக் கொண்டே பேராசிரியர் ஆகியிருக்கிறேன். முதல் சில வருஷங்கள் அது சந்தேகம் என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது மட்டும் குரல் சற்று வேகம் பிடிக்கும், மாணவர்கள் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வாக்குமூலத்தைச் சொன்னவர், என் புத்தகத்தில் 'பதினேழாம் நபர்' என்று வருகிறவர், ஆறுமுகநயினார், இப்போது என் மூக்கின்மேல் கனமான ஒரு சோதனைச் சட்டத்தை மாட்டி, இடது கண்ணைக் கறுப்பு மூடியால் அடைத்து, வலது கண்ணுக்கு ஒரு கண்ணாடியைச் செருகிவிட்டு, "இப்ப எப்படித் தெரியுது சார்?" என்கிறார். பாளையங்கோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை இது. விளக்கை அணைத்திருக்கிறார். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக இருக்கிறது. மேலே பெரிய ட, அதன் கீழே ப, ம, ய என்று இறங்கிக்கொண்டே போய்க் கடைசி வரி எறும்பு வரிசையாகிறது. கடைக்கு நேரெதிரே, சாலையைத் தாண்டினால், குடும்ப நீதிமன்றம். மதிய இடைவேளை. இரண்டே காலுக்கு நான் அங்கே கூண்டில் ஏறி, இந்த மனிதர் சொன்னது உண்மை என்று சொல்ல வேண்டும். அவர் பேரைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் இங்கே இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. அங்கே என்ன நடக்கிறது என்பதும் இவருக்குத் தெரியாது. "கண்ணு செக் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு நயினார்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தேன். பொய்யில்லை. ஆனால் அதற்காக வரவில்லை.

நயினார் நாக்கைத் தட்டுகிறார். "வந்திருக்கதைச் சொல்லியிருந்தா நான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பம்லா. இப்படியா திடுதிப்புன்னு வாறது?" அவர் விரல்களில் கண்ணாடி துடைக்கும் திரவத்தின் வாசனை. ஆஸ்பத்திரி வாசனை போலவும் இருக்கிறது, திலகவதியின் கடைசி மாதங்களைப் போல, வேண்டாம், அங்கே போக வேண்டாம், எழுத்தைப் பார். ட. தெளிவாகத்தான் இருக்கிறது. ப, ம. "இப்ப?" கிளிக் என்று இன்னொரு கண்ணாடி. "நல்லாருக்கு" என்கிறேன். "முன்னாடி போட்டதா, இப்பப் போட்டதா?" "இப்பப் போட்டது." சிரிக்கிறார். இருட்டில் அவர் சிரிப்பு என் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. "சார், நான் ஒண்ணும் மாத்தலையே. எடுத்துட்டு அதையேதான் திருப்பிப் போட்டேன்." எனக்குக் கழுத்து சுடுகிறது. "பத்துக்கு ஏழு பேரு இப்படித்தான் சார் சொல்லுவாவ. நான் ஏதோ மெனக்கெட்டுச் செய்தேன்லா, அதுக்கு ஒரு மரியாதை. அதனால ஒரு கண்ணாடியை ரெண்டு தடவை போட்டுக் கேப்பேன். அப்பதான் ஆளு கண்ணால பாத்துச் சொல்லுதானா, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுதானான்னு தெரியும். இந்த வக்கீல்மாரு இருக்காவளே, அவிய நேரெதிரு. எதைப் போட்டாலும் ஆட்சேபணை. ஒரு ஜட்ஜையா வந்தாரு, ரெண்டுல எது நல்லாருக்குங்கய்யான்னேன், நாளைக்குச் சொல்லுதேன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு." முன்கடையிலிருந்து ஒரு பெண் குரல்: "அண்ணே, பழைய ஜோக்கையே எத்தன பேருட்ட சொல்லுவீய? சாப்பாடு ஆறுது." "ஜெஸி, நீ உன் கல்லாவைப் பாரும்மா." நானும் சிரிக்கிறேன். சிரிக்கும்போது சட்டம் மூக்கில் அழுத்துகிறது. ஒரே கண்ணாடியை இரண்டு தடவை போட்டுக் கேட்பது. இதைச் செய்ய எனக்கு ஏன் தோன்றவில்லை? போலீஸ் பயிற்சிப் பள்ளியில் நான் நடத்தும் வகுப்பின் தலைப்பே இதுதான், சாட்சியின் வாயில் வார்த்தையை வைக்காமல் இருப்பது எப்படி. சப்-இன்ஸ்பெக்டர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு குறிப்பெடுப்பார்கள். நானும் கரும்பலகையில் எழுதிக்காட்டுவேன், 'அவன் சிவப்புச் சட்டையா போட்டிருந்தான்?' என்று கேட்காதே, 'அவனைப் பற்றிச் சொல்லு' என்று கேள்.

அந்த ஒலிநாடா என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. இரண்டாயிரத்து நான்கு, ஆனி மாதம், என் பல்கலைக்கழக அறை. ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது, உடலுறவே நடக்கவில்லை என்ற காரணத்தால் கல்யாணத்தைச் செல்லாததாக்கக் கோரும் வழக்குகள். அந்த வழக்குகளில் நீதிமன்றம் ஒரு ஆணிடமும் பெண்ணிடமும் எதையெல்லாம் கேட்கிறது, அவர்கள் எதைச் சொல்கிறார்கள், சொன்னதில் எவ்வளவு உண்மை. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. நாற்பத்தோரு பேரைப் பார்த்துப் பேசினேன். பதினேழாவதாக வந்தவர் நயினார், ஒல்லியாக, முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. கல்யாணமாகி ஒன்பது மாதத்தில் மனைவி வழக்குப் போட்டாள், இவர் வக்கீல் வைக்கவில்லை, மருத்துவப் பரிசோதனைக்கும் போகவில்லை, முதல் வாய்தாவிலேயே எழுந்து நின்று, 'என்னால் முடியாது, அவள் சொல்வது சரி' என்று சொல்லிவிட்டார். நீதிமன்றத்தில் அன்றைக்குக் கூட்டம், யாரோ சிரித்தார்கள், அதையும் சொன்னார். நாடாவில் மின்விசிறி கடகடக்கிறது. தேநீர்க் கிளாசை வைக்கும் சத்தம். பிறகு என் குரல், இளமையாக, ஈரமாக, எனக்கே பிடிக்காத ஒரு பரிவோடு: "அவங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னு உங்க பேரை நீங்களே கெடுத்துக்கிட்டீங்க. உண்மையில உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. அப்படித்தானே நயினார்?" அதற்குப் பிறகு ஒன்பது வினாடி. கடிகாரம் வைத்து எண்ணியிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. ஒன்பது வினாடி மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. பிறகு, "ஆமா சார். அப்படித்தான்." அதன் பிறகு அவர் நிறையப் பேசினார். அவளுக்கு வேறொருவன்மேல் மனசு இருந்தது, அழுதாள், காலில் விழுந்தாள், அவளை விடுவிக்க வேறு வழி தெரியவில்லை. பேசப்பேசக் குரல் தெளிவாகிக்கொண்டே போகிறது, நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன், நாற்காலி கிறீச்சிடுகிறது.

"சார், வலது கண்ணு இமையை இறுக்குதீய. லேசா வைங்க." வைக்கிறேன். பிறகு நாடாவைத் தட்டச்சு செய்தது திலகவதி. என் நாடாக்கள் எல்லாவற்றையும் அவள்தான் அடித்தாள், சம்பளமில்லாத வேலை, சமையல் முடிந்தபின் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்காருவாள். அன்று பின்மதியம், நான் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தேன், அவள் நாடாவை நிறுத்தினாள், பின்னால் சுற்றினாள், மறுபடி கேட்டாள், மறுபடி சுற்றினாள். "ஏங்க, இதை இவர் சொல்லலையே. நீங்கதானே சொல்றீங்க." நான் தாளை மடிக்காமலே சொன்னேன், "கேள்வியெல்லாம் எடுத்துருவோம் திலகா. பதிலை மட்டும் கோத்துப் போடறதுதான் முறை." அது பொய்யும் இல்லை. எங்கள் துறையில் அப்படி ஒரு முறை இருக்கத்தான் செய்கிறது. பேட்டி எடுத்தவனின் குரலை நீக்கிவிட்டால் சொன்னவரின் கதை தடையில்லாமல் ஓடும், வாசகர் நேரடியாக அவரிடமே கேட்பது போல இருக்கும். ஆனால் 'ஆமா சார்' என்பதை மட்டும் தனியாகப் போட முடியாதே. அதனால் கேள்வியைப் பதிலாக்கினேன். 'அவள் பேர் கெடக் கூடாதென்று என் பேரைக் கெடுத்துக்கொண்டேன்.' அச்சில் அது மிக அழகாக இருந்தது. அதைப் படித்து அழுததாக ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி எனக்குக் கடிதம் எழுதினார். அன்று திலகவதி நாடாவை மறுபடி ஓடவிட்டாள். அடித்துக் கொடுத்தாள். அவள் என்னைப் பார்த்தாளா, அதுதான் நினைவில் இல்லை. செய்தித்தாள் இடையில் இருந்தது. அவள் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. சமையலறையில் குழாய் சொட்டும்போதும், வகுப்பில் விளக்கணைத்துப் படம் போடும்போதும், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரன் தூங்கும்போதும், அதே நிதானத்தில் கேட்கிறது, நீங்கதானே சொல்றீங்க. குற்றம்சாட்டும் குரல் அல்ல. தட்டச்சில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று சொல்வது போல.

ஏன் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டேன் என்பதற்குப் பல வருஷம் என்னிடம் ஒரு பதில் இருந்தது. அனுபவம் போதாது, ஆய்வுக்கு ஒரு புது முடிவு தேவைப்பட்டது, நீதிமன்றத்தில் ஆண்களும் பொய்யாகத் தங்கள்மேல் பழியைப் போட்டுக்கொள்கிறார்கள் என்று காட்ட ஆசை. சரிதான். ஆனால் எனக்குக் கல்யாணமான முதல் மூன்று வருஷம், அறைக்கதவைச் சாத்தியபின் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி இப்போது இல்லை. என் அம்மா திலகவதியை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். திலகவதி போனாள். மாத்திரை கொடுத்தார்கள், விழுங்கினாள். இரத்தம் எடுத்தார்கள், கையை நீட்டினாள். கல்யாண வீடுகளில் என் அத்தைமார்கள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள், அவள் பந்தியில் அப்பளம் பரிமாறிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை, 'அவளுக்கு ஒண்ணுமில்ல, எனக்குத்தான்' என்று நான் சொல்லியிருந்தால் முடிந்தது. எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. பிறகு என் உடம்பு எப்படியோ கொஞ்சம் வழிக்கு வந்தது, பிள்ளை வரவில்லை, கேள்விகள் ஓய்ந்தன, நான் மனிதர்களின் பாலியல் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன் ஆனேன். சபையில் எந்த வார்த்தையையும் கூசாமல் சொல்லக்கூடியவன் என்று பேரெடுத்தேன். அப்போதுதான் இந்த ஒல்லி மனிதர் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, நாலு பேர் சிரிக்கும் இடத்தில் எழுந்து நின்று 'என்னால் முடியாது' என்று சொன்னேன் என்கிறார். உண்மையைச் சொன்ன ஒருவனை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் அவனை உயர்ந்த பொய்யனாக்கினேன். இந்த எண்ணம் ஆறேழு வருஷத்துக்கு முன்பு முதல்முறையாக வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். துப்பிவிட்டுக் குழாயை நிறுத்தாமல் நின்றேன். ஆனால் இதுவும் சந்தேகம்தானே, இது மட்டும் எப்படி உறுதி? ஒருவேளை நான் கேட்டது சரியான யூகமாக இருந்து, அவர் யாரிடமும் சொல்லாததை நான் எடுத்துக் கொடுத்திருந்தால்? சில பேருக்கு அப்படி ஒரு கை கொடுத்தால்தான் படியேற முடியும். அந்த ஒன்பது வினாடி மறுப்பா, கூச்சமா, நன்றியா?

"இடது கண்ணுக்கு வருவோம்." மூடி இடம் மாறுகிறது. ஒரு கணம் இரண்டு கண்ணும் திறந்திருக்கையில் நயினாரின் முகம் மங்கலாக, பலகை வெளிச்சத்தில் ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது. காது ஓரத்தில் நரை. அவரும் கண்ணாடி போடுகிறவர்தான். இவரிடமே கேட்டுவிடலாம் என்று முன்பும் இரண்டு தடவை வந்திருக்கிறேன். இரண்டு தடவையும் இவர் கேட்காமலே சொன்னார். புத்தகத்தில் உள்ளபடியே சொன்னார். 'என் பேரைக் கெடுத்துக்கிட்டேன்' என்று நிறுத்தி, அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு வாங்கினார், நான் அச்சில் பத்தி பிரித்திருந்த அதே இடத்தில். புத்தகம் வந்ததும் நானேதான் ஒரு பிரதி அனுப்பினேன். அதைப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருக்கிறார். இனி நாடாவில் இருந்தவரை எங்கே போய்த் தேடுவது? "அதைப் படிச்ச பிறகுதான் சார் நான் ரோட்ல நேரா நடந்தேன்" என்றார் போன தடவை. "பதினேழாம் நபரு யாருன்னு ஊருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். எனக்குத் தெரியும்லா." அந்தப் பெண் மறுபடி கல்யாணம் செய்து குலசேகரப்பட்டணத்தில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். இவர் பிறகு கட்டிக்கொள்ளவில்லை, அக்காள் வீட்டு மாடியில் இருக்கிறார். அதற்கும் இரண்டு விதமாகக் காரணம் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் இரண்டு விதமாகக் காரணம் சொல்லலாம், அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆனால் எதிரே இருக்கிற வழக்குக்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். சங்கரகோமதி என்று ஒரு பெண், இருபத்தேழு வயது. கல்யாணமாகிப் பதினாலு மாதம் ஒன்றுமில்லை என்று மனுப் போட்டு அஞ்சு வருஷமாக அலைகிறாள். புருஷன் முதலில் நீதிமன்ற ஆலோசகரிடம் தன் கைப்பட எழுதிக் கொடுத்தான், என்னால் முடியாது என்று. இப்போது அதை மறுக்கிறான். அவளை விடுவிப்பதற்காகப் பொய்யாக எழுதிக் கொடுத்தேன், எனக்குக் குறையில்லை, அவள் என்னோடு வந்து குடித்தனம் நடத்த உத்தரவிட வேண்டும் என்று எதிர்மனு. ஆண்கள் அப்படிப் பொய்யாக ஒத்துக்கொள்வதுண்டு என்று நிபுணர் வந்து சொல்ல வேண்டும், நிபுணர் நான். நான் சொன்னால் அந்தக் கைப்பட எழுதிய காகிதத்துக்கு மதிப்பில்லாமல் போகும், அவள் அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கும், இல்லை இன்னும் அஞ்சு வருஷம் அலைய வேண்டியிருக்கும். போன வாரம் அவன் வக்கீல் எனக்கு எதிர்மனுவோடு அவன் கொடுத்த பிரமாணப் பத்திரத்தின் நகலை அனுப்பினார். நாலாவது பக்கத்தில் இருந்தது: 'அவள் பேர் கெடக் கூடாதென்று என் பேரைக் கெடுத்துக்கொண்டேன்.' ஒரு எழுத்து மாறவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்து அறைக் கதவைச் சாத்தினேன், யாரும் இல்லாத வீட்டில். என் வாயிலிருந்து நயினார் வாய்க்கு, அங்கிருந்து அச்சுக்கு, அச்சிலிருந்து எவனோ ஒருவனின் வாய்க்கு. இன்று காலை நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவள் என்னிடம் வந்தாள். காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் மார்போடு பிடித்துக்கொண்டு, கோபம்கூட இல்லாமல், வழி கேட்கிறவள் போல. "நீங்கதான் மதுரையில இருந்து வந்திருக்க புரொஃபசரா சார்?" ஆமாம் என்றேன். "நீங்க எங்க ரெண்டு பேரையும் பாத்ததே இல்லையே. பொறவு எப்படி சார் தெரியும்?" நான் ஆராய்ச்சி, பொதுவான போக்கு, தனிப்பட்ட வழக்கைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்று ஏதோ சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "வேற யாரோ ஒருத்தர் பொய் சொன்னாருங்கதுக்கு நான் எதுக்கு சார் அந்த வீட்டுக்குப் போகணும்?" அவளுடைய அப்பா தூரத்தில் நின்று, "ஏட்டி, அவரை எதுக்குத் தொந்தரவு செய்யுத, வா இங்க" என்றார். போய்விட்டாள். வேற யாரோ ஒருத்தர். சாலைக்கு இந்தப் பக்கம் பத்து எட்டில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறார் அந்த யாரோ ஒருத்தர்.

"என்ன சார், கேட்டதுக்குப் பதிலே வரலை. கடைசி வரி தெரியுதா?" தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை, அப்படியே சொல்கிறேன். "அப்படிச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியலைன்னாத்தான் எனக்கு வேலை." கிளிக். எறும்புகள் கலைந்து எழுத்தாகின்றன. எழுத்துகளை வாசிக்கிறேன், ந, வ, க. இது ஒரு நல்ல வாழ்க்கை என்று தோன்றுகிறது, ஒருவனை இருட்டில் உட்காரவைத்துத் தெரியுதா தெரியலையா என்று மட்டும் கேட்பது. கேட்டுவிட்டுக் காத்திருப்பது. இப்போது கேட்டால் இவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறேன்? நேராக நடந்த இத்தனை வருஷத்தை. கேட்காவிட்டால் எதிரே ஒருத்தியைத் திரும்ப அனுப்புகிறேன். கேட்டு, புத்தகத்தில் உள்ளபடியே இவர் மறுபடி சொன்னால்? அது எனக்குச் சாதகம், ஆனால் அது எதற்கும் சாட்சி இல்லை, என் வாக்கியம் என்னிடமே திரும்பி வருவது. கேட்டு, இவர் 'இல்லை சார்' என்றால்? அதுவும் நான் வந்த முகத்தைப் பார்த்துச் சொன்னதாக இருக்கலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் குரலே எதிரே நிற்கிறது. நீங்கதானே சொல்றீங்க. ஆமாம் திலகா. நான்தான்.

நயினார் விளக்கைப் போடுகிறார். கண் கூசுகிறது. சட்டத்தைக் கழற்றும்போது அவர் விரல் என் நெற்றிப்பொட்டில் லேசாகப் படுகிறது. "லேசா மாறியிருக்கு, பெருசா ஒண்ணுமில்ல. எழுதித் தாறேன்" என்று சீட்டை எடுக்கிறார். நான் எழுந்திருக்கவில்லை. "நயினார், எதிர்ல ஒரு கேஸு நடக்குது." "அங்க தினமும் நாப்பது நடக்குது சார்." "ஒரு பொண்ணு விடுதலை கேக்குது. புருஷன், உங்க கதையைத் தன் கதையாச் சொல்றான். அதை நான் சரின்னு சொல்லணுமாம். சொன்னா அந்தப் பொண்ணு அவன்கூடப் போகணும்." அவர் பேனா நின்றுவிடுகிறது. "என் கதையவா?" "பேர் இல்லை. உங்க பேர் எங்கயும் வராது." "பேரு கிடக்கட்டும் சார்." அவர் ஸ்டூலில் உட்காருகிறார். சோதனைப் பெட்டி திறந்தே கிடக்கிறது, வட்டக் கண்ணாடிகள் வரிசையாக. எடுத்தவற்றை ஒவ்வொன்றாக அதனதன் பள்ளத்தில் வைக்கிறார். "அந்தப் பிள்ள என்ன சொல்லுது?" "வேற யாரோ ஒருத்தர் பொய் சொன்னதுக்கு நான் எதுக்குப் போகணும்னு கேக்குது." அவர் ஒரு கண்ணாடியைத் தவறான பள்ளத்தில் வைத்து, எடுத்து, மறுபடி அதிலேயே வைக்கிறார். "அவன் நெசமாவே அப்படிச் செஞ்சிருந்தா?" "இருக்கலாம்." "உங்களுக்கே தெரியாதா?" "தெரியாது." அவர் பெட்டியை மூடுகிறார். முன்கடையிலிருந்து ஜெஸி, "சார், எதிர்த்தாப்புல ஆளுவ உள்ள போக ஆரம்பிச்சிட்டாவ, உங்களுக்கு நேரமாகலையா?" என்கிறாள். ஆகிறது.

வகுப்பில் நான் சொல்லித்தரும் கேள்விகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. 'உண்மையைச் சொல்லுங்க' என்று கேட்டால் இதுவரை சொன்னது பொய் என்றாகிவிடும். 'புத்தகத்துல இருக்கறது சரிதானா?' என்று கேட்டால் சரிதான் சார் என்பார். 'நான்தானே சொன்னேன்?' என்று கேட்டால் பழியை என்மேல் எடுத்துக்கொள்வது போல இன்னொரு தடவை அவர் வாயில் வார்த்தையை வைப்பேன். அந்த ஆசையும் எனக்கு இருக்கிறது, அழகாகப் பழி ஏற்றுக்கொள்கிறவனாக இருக்க வேண்டும் என்ற ஆசை, அதை இப்போது தெளிவாகவே பார்க்க முடிகிறது. அவர் என்ன சொன்னாலும் சரி, இரண்டே காலுக்கு நான் அங்கே போய், அந்த வாக்கியம் என்னுடையது, அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிடுவேன். புத்தகம் போகட்டும். போலீஸ் பள்ளி வகுப்பு போகட்டும். அதற்கு இவருடைய பதில் தேவையில்லை. அப்படியானால் எழுந்து போய்விடலாம், அவர் கதை அவரோடு இருக்கட்டும், அதுவே நியாயம் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் நாற்காலி விடவில்லை. முப்பத்தெட்டு வயதில் ஒரு பரிதாபப் பார்வையோடு நான் பேசிவிட்ட அந்த இடத்தில், அதற்கு ஒரு நிமிஷம் முன்பு, ஒரு மனிதர் என் எதிரே உட்கார்ந்து தன்னைப் பற்றி எதையோ சொல்ல வந்திருந்தார். பஸ் பிடித்து, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார். என்னென்னவோ கேட்டுப் பழகிய நான் அதை மட்டும் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்டிருக்கவும் வழியில்லை. நயினார் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்கிறார். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. என் குரலில் அந்த ஈரம் வந்துவிடக் கூடாது என்று மட்டும் கவனமாக இருந்துகொண்டு கேட்கிறேன்:

"நயினார், அன்னைக்கு நான் பேசாம இருந்திருந்தா, நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"